ராணி அக்கா வீட்டுக்குள் போன வாசகர்கள்

எனக்கு இடது வலது தெரியாது. முப்பத்தாறு வயதில் இதை ஒப்புக்கொள்ள எனக்கு வெட்கமே இல்லை. யாராவது வழி கேட்டால், மனசுக்குள் ஒரு கவளம் சோறு அள்ளிப் பார்த்துவிட்டுத்தான் எந்தக் கை வலது என்று சொல்வேன். அப்படிப்பட்டவளிடம் போய் நூலகத்துக்கு வழிகாட்டிப் பலகை செய்யச் சொன்னது யார் தப்பு? (சொன்னவங்க தப்புதான். இன்னைக்கும் அதையேதான் சொல்வேன்.)

அப்போது நான் திருப்பத்தூரிலிருந்து பெங்களூருக்கு வந்து நாலு வருஷம் ஆகியிருந்தது. செல்போன் செயலிகளில் எந்தப் பொத்தான் எங்கே இருக்க வேண்டும் என்று தீர்மானிக்கும் வேலை. அந்தத் திமிரில், கண்ணில் படுகிற பலகையெல்லாம் மட்டமாகத் தெரிந்தது. ஓட்டலுக்குப் போனால் மெனு கார்டில் குற்றம் கண்டுபிடிப்பேன். என் கணவர் குமரன் என்னோடு வெளியே சாப்பிட வருவதையே குறைத்துக்கொண்டார்.

நாங்கள் குடியிருந்த ஜோகுபாளையத்தில், தெருக்காரர்கள் சேர்ந்து ஒரு வீட்டு மாடியில் சின்ன நூலகம் ஆரம்பித்தார்கள். பொறுப்பாளர், என்னைப் பலகை செய்யச் சொன்னவர், மஞ்சுளா மேடம். கன்னடக்காரர், தமிழும் பேசுவார். மாடியைச் சும்மா கொடுத்த வீட்டு உரிமையாளர் ஒரே ஒரு நிபந்தனை போட்டிருந்தார். அக்கம்பக்கத்திலிருந்து ஒரு புகார் வந்தாலும் சாவியைத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும்.

பலகையில் என்ன எழுதுவது என்று மேடம் ஒரு பட்டியல் வைத்திருந்தார். அனுமதி பெற்று உள்ளே வரவும். செருப்பை வெளியே விடவும். பேசக் கூடாது.

"இது லைப்ரரியா, ஜெயிலா மேடம்?" என்றேன்.

"நோடம்மா, இங்க பாரு, ரூல்ஸ் இல்லேன்னா ஜனங்க மதிக்க மாட்டாங்க."

"ரூல்ஸ் போட்டா ஜனங்களே வர மாட்டாங்க."

நான் சும்மா வாதாடவில்லை. ஏழாவது படிக்கும்போது ஒரு நூலக வாசல் வரைக்கும் போய், 'உறுப்பினர் அல்லாதோர் உள்ளே வரக் கூடாது' என்பதைப் படித்துவிட்டுத் திரும்பி வந்தவள் நான். உறுப்பினர் ஆவது எப்படி என்று அந்தப் பலகையில் இல்லை. கேட்கவும் பயம். ஐந்து வருஷம் அந்தப் பக்கமே போகவில்லை.

ஒரு வாரம் சண்டை போட்டு ஜெயித்தேன். தமிழிலும் கன்னடத்திலும் ஆங்கிலத்திலும், பெரிய எழுத்தில்: 'நூலகம். உள்ளே வாங்க. யாரையும் கேட்க வேண்டாம். பிடித்த இடத்தில் உட்காருங்கள். எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் இருங்கள். இது உங்கள் இடம்.' அடியில் மாடிப்படியைக் காட்ட மஞ்சள் நிறத்தில் ஒரு பெரிய அம்புக்குறி.

திறப்பு விழா ஞாயிற்றுக்கிழமை. முந்தின நாள் சாயங்காலம் பலகை ஒட்டப் போன பிரிண்டிங் கடை நயாஸ் பாய் எனக்குப் போன் செய்தார்.

"மேடம், அம்பு இந்தப் பக்கம்தானா?"

"பாய், டிசைன்ல எப்படி இருக்கோ அப்படியே ஒட்டுங்க. நீங்க யோசிக்க வேண்டாம்."

"சரி மேடம். யோசிக்கல."

மறுநாள் காலையில் அந்தப் பலகை முன்னால் நின்று ரசித்துவிட்டுத்தான் நான் மாடி ஏறினேன். எழுத்தைப் பார்த்தேன், நிறத்தைப் பார்த்தேன். அம்பைப் பார்க்கவில்லை. படிக்கட்டு எங்கே என்று எனக்குத்தான் தெரியுமே. வழி தெரிந்தவர்கள் அம்பைப் பார்ப்பதில்லை.

பத்து மணிக்குத் திறப்பு. பத்தே கால் ஆயிற்று, பத்தரை ஆயிற்று. மேடம், நான், குமரன், ஒரு தட்டு மைசூர்பாகு. வேறு ஒருவரும் இல்லை. "அனுமதின்னு போட்டிருந்தா வந்திருப்பாங்களோ" என்று மேடம் முணுமுணுத்தார்.

அப்போதுதான் படிக்கட்டில் தடதடவென்று சத்தம். கீழ்வீட்டு ராணி அக்கா, கையில் கரண்டியோடு.

"உங்க விசேஷத்துக்கு எங்க வூடுதான் கெடச்சுதா? ஹால் பூரா ஆளுங்க. எங்க வூட்டுக்காரரப் பாக்க வந்தவங்கன்னு நெனச்சு நான் பாட்டுக்கு சமையல் பண்ணிட்டிருக்கேன். ஒருத்தர் சமையக்கட்டுக்கே வந்து, 'அம்மா, குக்கர் சத்தத்தக் கொறைங்க, இங்க படிக்கறாங்க இல்ல'ன்றாரு."

கீழே ஓடினோம். மஞ்சள் அம்பு படிக்கட்டுக்கு எதிர்ப்பக்கம், ராணி அக்கா வீட்டுக் கதவைக் காட்டிக்கொண்டிருந்தது. கூடத்தில் பதினாறு பேர். இரண்டு கல்லூரிப் பெண்கள் கட்டிலில் உட்கார்ந்து அக்காவின் கல்யாண ஆல்பத்தைப் புரட்டிக்கொண்டிருந்தார்கள். ஒரு பெரியவர் அக்கா மகனின் ஆறாம் வகுப்பு அறிவியல் புத்தகத்தில் மூழ்கியிருந்தார். நடுவில் பாய்மேல், பீன்யா தொழிற்பேட்டையில் நைட் ஷிஃப்ட் முடித்துவிட்டுப் படுத்திருந்த அக்காவின் கணவர் முனிரத்னம் அண்ணன் எழுந்து உட்கார்ந்து மலங்க மலங்க விழித்துக்கொண்டிருந்தார்.

"கண்ணத் தொறந்தா சுத்தியும் ஜனம், சத்தமே இல்லாம உக்காந்திருக்குது. யாரு போயிட்டாங்கன்னு கேட்டேன். ஒருத்தரும் வாயத் தொறக்கல. அப்ப நான்தான் போயிட்டேன்னு முடிவு பண்ணிட்டேன்" என்றார்.

பெரியவரிடம் போய், "சார், லைப்ரரி மாடியில இருக்கு. இது வீடு. கொஞ்சம் எழுந்திருங்க" என்றேன்.

"எவ்வளவு நேரம் வேணும்னாலும் இருக்கலாம்னு போட்டிருக்கேம்மா."

"போட்டது நான்தான் சார்."

"அப்புறம் நீங்களே எழுப்பறீங்க?"

மேடம் என் காதருகே, "கம்ப்ளெய்ன்ட் பண்ணிட்டா சாவி போச்சு. சாரி கேளு" என்றார். கேட்டிருக்க வேண்டும். நானோ, "பலகை வேலை செஞ்சிருக்கு மேடம். வந்திருக்காங்க, உக்காந்திருக்காங்க, படிக்கறாங்க. கட்டடம் மட்டும்தான் தப்பு" என்றேன். குமரன் என்னைத் தெரியாதவர் மாதிரி நகர்ந்துகொண்டார்.

எல்லோரையும் ஒருவழியாக மாடிக்கு அனுப்பிய பிறகு, தவறு எங்கே என்று குமரன்தான் கண்டுபிடித்தார். கட்டடத்தைப் படம் எடுத்து அதைப் பார்த்துத்தான் அம்பு வரைந்திருந்தேன். படத்தில் நானும் விழ வேண்டும் என்று செல்ஃபியாக எடுத்திருந்தேன். என் போன் அதைக் கண்ணாடி மாதிரி இடம் வலம் மாற்றிக் காட்டியிருக்கிறது. வாசலில் எழுத்து ஏதாவது இருந்தால் திரும்பித் தெரிந்திருக்கும், சுதாரித்திருப்பேன். எழுத்து இல்லாததால்தானே பலகையே செய்தோம்.

மேடம் முடிவு செய்துவிட்டார். "பழைய மாதிரி அனுமதி பெற்று வரவும்னு மாத்திடலாம்."

"அம்பை மாத்தறேன். ஒரு எழுத்தைக்கூட மாத்த மாட்டேன்."

"எல்லாம் நின்னால ஆனது, இன்னும் வாதமா?"

ராணி அக்கா கரண்டியைக் கீழே வைத்தார். புகார் என்ற வார்த்தைதான் வரப்போகிறது என்று நினைத்தேன்.

"எதுக்கு மேடம் மாத்தணும்? நான் இந்தத் தெருவுலயே பொறந்தவ. மூணு மாசமா நீங்க புக்கு ஏத்தறதப் பாத்துட்டுதான் இருக்கேன். நம்மள உள்ள வுடுவாங்களோ என்னமோன்னு ஏறுனதில்ல. இன்னைக்குதான் ஏறினேன், அதுவும் சண்ட போட. எழுதினது இருக்கட்டும். அம்ப மட்டும் திருப்பச் சொல்லுங்க."

மேடம் தன் பட்டியலை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டார். நயாஸ் பாயைக் கூப்பிட எனக்கு முகம் இல்லை. ஏணி வாங்கி நானே ஏறி அம்பை உரித்துத் திருப்பி ஒட்டினேன். கீழே நின்று குமரன் சோறு அள்ளுகிற மாதிரி கையைக் காட்டிக்கொண்டிருந்தார்.

போன மாதம் ஊரிலிருந்து சொந்தக்காரர்கள் வந்திருந்தபோது குமரன் இந்தக் கதையை மறுபடி எடுத்தார். வருகிறவர்களுக்கெல்லாம் சொல்வார், ஒவ்வொரு தடவையும் பதினாறு பேர் கொஞ்சம் கூடுவார்கள். இப்போது நாற்பதைத் தாண்டிவிட்டது. "வாசகத்துல தப்பே இல்ல" என்று நான் நடுவில் சொன்னதை யாரும் காதில் வாங்கவில்லை. சிரித்து முடித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்ட மாமியார்தான் கடைசியில் கவலையோடு கேட்டார்.

"ஆமா, செத்துட்டோம்னு நெனச்சாரே, அந்த மனுஷன் இப்ப நல்லாத்தான் இருக்காரா?"

"நல்லா இருக்காரு அத்தை. நேத்துகூட ரெண்டு புக்க எடுத்துட்டு லைப்ரரி மாடியிலிருந்து இறங்கிப் போனாரு" என்றேன்.