மரண சாரும் மிக்சியும்

சாமான் சாவதற்காக இவ்வளவு வருத்தப்படுகிற ஆள் உலகத்திலேயே எங்கள் மரண சார் ஒருத்தர்தான். பேர் பஜார்க்காரர்கள் வைத்தது. அவருக்கும் தெரியும். கூப்பிட்டால் திரும்புவார்.

மட்டாஞ்சேரியில் ஒரு பழைய மிளகுக் கிடங்குதான் பட்டறை. வீட்டுச் சாமானுக்கு உருவம் யோசித்து, செய்து, கம்பெனிகளுக்குப் பாகங்களைப் பூட்டிக் கொடுப்பது தொழில். நாங்கள் ஆறு பேர். நான் தேனிப் பக்கம். செய்ததை உடைத்துப் பார்ப்பது என் வேலை. உடைத்துச் சம்பளம் வாங்குகிறவன் நான்.

எதைப் பார்த்தாலும் சார் தன் மலையாளத் தமிழில் ஒரே கேள்விதான் கேட்பார். "இது செத்தால் எவிடே போகும்?" எங்கே போகும் என்று குடைக்கடையில் கேட்டார். கடைக்காரன் குடையைப் பிடுங்கிக்கொண்டான். ஒரு கல்யாணத்தில் சீர் மிக்சியைக் கவிழ்த்து, அடியைப் பார்த்துக் கேட்டார். பெண்ணுடைய அம்மா அவரை வெளியே உட்கார வைக்கச் சொன்னாள். வெளியே போனவர் வாசல் ஃபேனைக் கழற்றிவிட்டார்.

பசை அவருக்கு ஆகாது. ஒட்டின சாமானைத் திறக்க முடியாது. உள்ளே மோட்டாரில் சின்னக் கார்பன் கட்டை தேய்ந்தாலும் முழு மிக்சியும் குப்பைக்குப் போகும். திருகாணி போட்டால் திறக்கலாம், மாற்றலாம்.

கோயம்புத்தூர் முதலாளி ஒருத்தர் மிக்சி ஆர்டரோடு வந்தார். திருகாணிக்கு நேரம் ஆகிறது, அடியை ஒட்டிக் கொடுங்கள் என்றார். சார் முடியாது என்றார். அந்த வருஷம் வேற ஆர்டர் இல்லை. இதை விட்டால் பட்டறையை மூட வேண்டியதுதான்.

மற்ற ஐந்து பேரும் என்னை அனுப்பினார்கள். நான் நீட்டிப் பேச மாட்டேனாம். போய் நின்றேன்.

"சார், சாமான் எங்கே போகும்னு கேக்கறீங்க. பட்டறை மூடினா நாங்க எங்கே போறது?"

சார் கையில் இருந்த சாயா ஆறிப்போச்சு. அப்புறம் முதலாளிக்குப் போன் போட்டுப் பத்து நாள் கேட்டார்.

அடித்தட்டின் ஓரத்தில் பிளாஸ்டிக் நாக்கு வைத்தார். அமுக்கினால் பூட்டணும். ஒரு ரூபாய்க் காசை நுழைத்துத் திருப்பினால் திறக்கணும். தினமும் புதுசாகச் செய்வார். தினமும் நான் உடைப்பேன்.

"எடோ, கொஞ்சம் தயவு வேண்டே?" என்பார், இரக்கம் காட்டக் கூடாதா என்கிற மாதிரி.

ஒன்பதாம் நாள் உடையவில்லை. மேலே ஏறி நின்றேன். அப்பவும் உடையவில்லை. எனக்குத்தான் சங்கடமாகப் போச்சு.

முதலாளி வந்தார். மிளகுத் தூசியில் தும்மிக்கொண்டே கடிகாரத்தைப் பார்த்தார். பசை தடவி ஒட்டவே ஒரு நிமிஷம் ஆகும். அவர் இரண்டாவது தும்மல் போடுவதற்குள் நான் அடியை மாட்டிவிட்டேன்.

"சரிங்க. ரிப்பேர் பண்ணியே ஓட்டினா புதுசு யாருங்க வாங்குவாங்க?"

"பத்து வருஷம் ஓடினால், வாங்கின ஆள் மகள் கல்யாணத்துக்கும் அதே கம்பெனி பேர் சொல்லி வாங்கும் சாரே" என்றார் எங்கள் சார்.

முதலாளி ஒத்துக்கொண்டார். ஆனால் ஜாடி மூடியின் பிடி மட்டும் ஒட்டித்தான் வரணும் என்றார். அதில் பேச்சே இல்லையாம். சார் எங்கள் ஆறு பேர் முகத்தையும் ஒவ்வொன்றாகப் பார்த்தார். சரி என்றார். மத்தியானம் சாப்பிடவில்லை.

ஆர்டர் இன்னும் ஓடுகிறது. பிடி ஒட்டுகிற நாளில், ஏதாவது வாங்கி வரச் சொல்லி, சாரைப் படகில் அக்கரை வைப்பினுக்கு அனுப்பிவிடுவோம். பார்த்தால் மனுஷன் தாங்க மாட்டார்.