முதலாளிக்கு முதுகு பிடித்த வாரம்

கடையை வளர்த்தே தீருவது என்று அளவுக்காரர் முடிவு செய்த அன்று, கடையில் வளர்ந்துகொண்டிருந்தது ஒட்டடை மட்டும்தான்.

பழைய துணியைப் பிரித்துச் சரிசெய்து தரும் தையல் கடை அது. கால்சட்டை இடுப்பைத் தளர்த்துவது, சட்டைக் கையைக் குறைப்பது, ஜிப் மாற்றுவது. முன்னால் ஒரு மேசை, நடுவில் திரை, திரைக்குப் பின்னால் இரண்டு தையல் மிஷின். கழுத்தில் டேப்பைப் போட்டுக்கொண்டு மேசையில் உட்கார்ந்திருப்பவர் அவர். தைப்பது மனைவி. இன்னொரு மிஷினில் தைத்த அம்மாள், வேலை இல்லை என்று போன மாதமே நின்றுவிட்டாள். இந்த மாதக் கடைசிக்குள் கடை தேறாவிட்டால், பூட்டிவிட்டு மச்சானுடைய கிடங்கில் பெட்டி அடுக்கப் போக வேண்டியதுதான். கல்யாணத்தன்றே மாப்பிள்ளையை ஏற இறங்கப் பார்த்து, "இவர் தேறமாட்டார்" என்று தங்கையின் காதில் சொன்னவர் அந்த மச்சான். அது பலித்துவிடுமோ என்ற பயத்தில் அளவுக்காரருக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

வாடிக்கை ஏன் குறைகிறது? அதைக் கண்டுபிடிக்கத்தான் அவர் ஞாயிறுதோறும் தொழில் வளர்ச்சி வகுப்புக்குப் போனார். அங்கே கோட்டுப் போட்ட ஒருவர் மேடையில் குறுக்கும் நெடுக்கும் நடந்துகொண்டே பேசினார். எந்தத் தொழிலும் செய்யாமல் எல்லாத் தொழிலையும் வளர்க்கத் தெரிந்தவர். வாடிக்கையாளரைப் பற்றிய விவரம்தான் புதையல், எல்லாவற்றையும் குறித்து வையுங்கள் என்றார் முதல் வாரம். அளவுக்காரர் மறுநாளே ஒரு பெரிய பலகை வாங்கிக் கடைச் சுவரில் மாட்டினார். வாடிக்கையாளர் பெயர், போன வருட இடுப்பு, இந்த வருட இடுப்பு. வித்தியாசம் மட்டும் சிவப்பு மையில்.

வாடிக்கையாளரிடம் மனம் விட்டுப் பேசுங்கள் என்றார் கோட்டுக்காரர் இரண்டாவது வாரம். அதை அளவுக்காரருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. "வாங்க சார், போன தடவைக்கு மூணு இஞ்ச் ஏறியிருக்கும் போலயே" என்று தெருவில் வருகிறவரை வாசலிலேயே வரவேற்பது அவருக்குப் பல வருடப் பழக்கம். இப்போது அதற்குப் பலகையும் சாட்சி. பள்ளிக்கூடத் தலைமையாசிரியர் தன் பெயருக்கு நேரே சிவப்பில் ஐந்து என்று எழுதியிருப்பதை, பின்னால் நின்ற மாணவர்கள் இரண்டு பேரோடு சேர்ந்து படித்தார். அதற்கப்புறம் அவர் அந்தத் தெருப் பக்கமே தலைவைத்துப் படுக்கவில்லை. நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். இவர் வாயோடு நிற்கவில்லை, எழுதியும் கெட்டார்.

"அடுத்தவங்க தொப்பையெல்லாம் எதுக்குங்க செவுத்துல ஏத்துறீங்க?" என்று மனைவி கேட்டுப் பார்த்தாள்.

"இது விவரம். உனக்குப் புரியாது. அவர் கிளை வேற வைக்கச் சொல்றார். பஸ் ஸ்டாண்டு பக்கத்துல ஒரு கடை காலியா இருக்கு."

"மரமே பட்டுப்போய் நிக்குது. கிளை எங்கேருந்துங்க வரும்?"

மூன்றாவது வாரம் கோட்டுக்காரர் குரலை உயர்த்தினார். முதலாளி ஒரு வாரம் வராவிட்டால் நின்றுபோகிற கடை, கடையே இல்லை என்றார். எல்லோரும் கைதட்டினார்கள். அளவுக்காரர் தட்டவில்லை. அவர் மூளையில் வேறொன்று ஓடியது. தான் ஒரு வாரம் போகாவிட்டால் கடை கவிழும். கவிழ்ந்தால் மனைவிக்குத் தன் அருமை தெரியும். தெரிந்துவிட்டால் பலகையைப் பற்றிய பேச்சு நிற்கும், கிளைக்கும் தலையாட்டுவாள். கப்பலில் ஓட்டை போட்டுக் கப்பலைக் காப்பாற்றும் இந்த யோசனை அவருக்கு ரொம்பப் பிடித்திருந்தது.

திங்கட்கிழமை காலை செருப்பு மாட்டக் குனிந்தவர், "அம்மா" என்று அப்படியே சரிந்தார். மனைவி வந்து பார்த்தாள். எங்கே வலிக்கிறது என்று கேட்டாள். முதுகைத் தேய்த்துவிட்டு, தலையணையைச் சரிசெய்துவிட்டு, கடைச் சாவியை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். ஊரார் இடுப்பையெல்லாம் அளந்தவருக்குப் பெண்டாட்டியின் முகத்தை அளக்கத் தெரியவில்லை.

அன்று அவள் எப்போதும்போல் ஆறு மணிக்கு வந்தாள். மறுநாள் ஏழு. அதற்கு மறுநாள் எட்டு, விரலில் பிளாஸ்திரியோடு. தனியாகத் திண்டாடுகிறாள் என்று முதலில் அவருக்கு மனம் குளிர்ந்தது. பிறகு பாவமாக இருந்தது. கடை எப்படிப் போகிறது என்று மெல்ல நூல் விட்டுப் பார்த்தார். ஏதோ போகிறது என்றாள். நீங்கள் அசையாதீர்கள், மருந்துக் கடைக்காரர் இன்னும் பத்து நாளாவது படுக்கச் சொன்னார் என்றாள். இவ்வளவு அன்பை அவர் கல்யாணமான புதிதில்கூடக் கண்டதில்லை.

சனிக்கிழமை அவரால் தாங்க முடியவில்லை. கவிழ்ந்தது போதும், போய்க் கைகொடுப்போம் என்று எழுந்து நடந்தார். கடைக்குள் நுழையுமுன் நிலைமையைப் பார்த்துக்கொள்ள, பக்கத்து டயர் கடையில் அடுக்கியிருந்த டயர்களுக்குப் பின்னால் குனிந்து நின்றார்.

இரண்டு மிஷினும் ஓடிக்கொண்டிருந்தன. வேலையை விட்டு நின்ற அம்மாள் திரும்பி வந்திருந்தாள். பெஞ்சில் ஆறு பேர் காத்திருந்தார்கள். சுவரில் பலகை பின்பக்கமாகத் திருப்பி மாட்டப்பட்டிருந்தது. அதில் மனைவியின் கையெழுத்தில் ஒரே வரி: அளவு திரைக்குப் பின்னால் எடுக்கப்படும்.

மேசைக்கு முன்னால் தலைமையாசிரியர் ஒரு பையோடு நின்றார். உள்ளே எட்டிப் பார்த்துவிட்டு, "அவர் இல்லல்ல?" என்று கேட்டார்.

"இல்ல சார். முதுகு பிடிச்சிருக்கு."

"அடப் பாவமே" என்றார் தலைமையாசிரியர். சொல்லிவிட்டுப் பையிலிருந்து இன்னும் மூன்று கால்சட்டைகளை எடுத்து வைத்தார்.

அளவுக்காரர் வீட்டுக்குத் திரும்பி நடந்தார். கடை பிழைத்துவிட்டது, மச்சானிடம் கைகட்டி நிற்க வேண்டாம். சந்தோஷப்பட வேண்டிய மனிதருக்கு அழுகை வந்தது. இத்தனை வருடமும் தான்தான் கடை என்று நினைத்திருந்தார். கடைக்குப் பிடித்த நோயே தான்தான் என்பதை யாரும் அவர் முகத்துக்கு நேரே சொன்னதில்லை. அவரைப்போல் மனம் விட்டுப் பேசுகிறவர்கள் ஊரில் இல்லை. வந்து படுத்தவர் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார்.

மனைவி வந்ததும் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"டயருக்குப் பின்னாடி ரொம்ப நேரம் குனிஞ்சு நின்னீங்களே, முதுகு தாங்குச்சா?"

அவர் போர்வையைத் தலைவரை இழுத்துக்கொண்டார்.

"திங்கக்கிழமையே தெரியுங்க. இடது பக்கம் வலிக்குதுன்னு சொல்லிட்டு வலது பக்கத்தப் பிடிச்சிருந்தீங்க."

"தெரிஞ்சா ஏன் சும்மா இருந்தே?"

"உங்கள எப்படி ஒரு வாரம் வீட்ல உக்கார வைக்கிறதுன்னு நானும்தான் ஒரு வருஷமா யோசிச்சிட்டு இருந்தேன். நீங்களே படுத்துட்டீங்க. எழுப்புவேனா?"

பிறகு அவள், கடையை மூடவில்லை என்று அண்ணனுக்குச் சொல்லிவிட்டதாகச் சொன்னாள். கோட்டுக்காரர் பேச்சிலும் விஷயம் இருக்கிறது, பஸ் ஸ்டாண்டு பக்கத்துக் கடையை இன்றுதான் பேசி முடித்தேன், கிளை வைத்துவிடலாம் என்றாள்.

அளவுக்காரர் எழுந்து உட்கார்ந்தார். வலி போன இடம் தெரியவில்லை.

"நிஜமாவா? அங்க நான் என்ன செய்யணும்?"

"இந்த வாரம் செஞ்சதேதான்."

"இந்த வாரம் நான் கடைப் பக்கமே வரலியே."

"அதேதாங்க. இனிமே ரெண்டு கடைக்கும் வராம இருக்கணும்."