லொத்தர்க் காசுக்கு வரி கட்ட அடம்பிடித்த கதை

தெரியாமல் பிழை விடுகிறவர்களை நான் உடனே மன்னித்துவிடுவேன். நன்றாகத் தெரிந்த விஷயத்தில் பிழை விடுவதற்குத்தான் தனித் திறமை வேண்டும். அந்தத் திறமை எனக்குத் தாராளமாகவே உண்டு. (இதை என் கணவர் வாசித்தால் பேனையை எடுத்து அடிக்கோடு போடுவார். போடட்டும்.)

என் பெயர் வாசுகி. கனடாவில் செயின்ட்-மிஷேல் பக்கத்துத் தமிழ்ச் சனத்துக்கு நான் 'வரி வாசுகி'. இங்கே வந்த புதிதில் பன்னிரண்டு பின்னேரம் வருமான வரி வகுப்புக்குப் போனேன். பதின்மூன்றாம் பின்னேரம் நிபுணர் ஆகிவிட்டேன். கியூபெக்கில் இருப்பவர்கள் ஒட்டாவாவுக்கு ஒன்று, கியூபெக் அரசுக்கு ஒன்று என்று இரண்டு வரிப் படிவம் நிரப்ப வேண்டும். ஒன்றுக்கே நடுங்குகிற சனத்துக்கு இரண்டு என்றால் எப்படி இருக்கும்! மார்ச் பிறந்தால் பிளாஸ்டிக் பை நிறையக் கடுதாசியோடு என் குசினி மேசையைச் சுற்றி ஆட்கள் குந்தியிருப்பார்கள். கூலி வாங்குவதில்லை. ரோல்ஸ், முறுக்கு, தட்டை வடை, ஒருமுறை ஒரு முழுப் பலாப்பழம், அவ்வளவுதான்.

வருகிறவர்களில் பாதிப் பேர் ஒரு கேள்வி கேட்காமல் எழும்ப மாட்டார்கள்: "அக்கா, லொத்தர் விழுந்தா வரி எவ்வளவு?" வாழ்க்கையில் லொத்தர்ச் சீட்டில் ஒரு சதம் விழாதவர்கள்தான் இதைக் கேட்பார்கள். நான் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுச் சொல்லுவேன்.

"எல்லை தாண்டிப் போய் நியூயோர்க் பக்கம் ரிக்கற் எடுத்துப் பெரிசா விழுந்தா, அமெரிக்காக்காரன் ஒரு வெட்டு வெட்டுவான். பேந்து நியூயோர்க் மாநிலமும் தன்ர பங்குக்கு வந்து நிக்கும். இஞ்ச கியூபெக்கில விழுந்தா ஒரு சதமும் இல்லை, முழுக்க உங்கட காசு. அதை பாங்கில போட்டு வட்டி வந்தா வட்டிக்கு மட்டும் கட்டவேணும். சூதாட்டத்தையே தொழிலா வைச்சிருக்கிறவன் வேற, அவனுக்கு அது வருமானம், அவன் கட்டத்தான் வேணும். முதல்ல விழட்டும், வாங்கோ பாப்பம்."

இந்தக் கடைசி விதியைத் தயவுசெய்து நினைவில் வைத்திருங்கள். என் மானம் அதில்தான் போனது.

என் கணவர் சிறீக்குத் துறைமுகத்துக்குக் கிட்ட ஒரு பண்டகசாலையில் வேலை. பாரம் தூக்கும் வண்டி ஓட்டுகிறார். ஒரு நாளைக்குப் பத்து வசனம் பேசினால் பெரிய காரியம். வெள்ளிக்கிழமைகளில் மச்சம் மாமிசம் சாப்பிட மாட்டார். அன்று வேலை முடிந்து வரும்போது தெரு முனையில் இருக்கும் டெப்பனர் என்ற சின்னப் பலசரக்குக் கடையில் பாலும் பாணும் வாங்கி, கூடவே ஒரு லொத்தர் ரிக்கற்றும் எடுப்பார். பதினெட்டு வருடம், எப்போதும் அதே எண்கள். நானும் பதினெட்டு வருடமாக, "உந்தக் காசுக்கு அரிசி வாங்கியிருந்தா ஒரு அறை நிறைஞ்சிருக்கும்" என்று பாடிக்கொண்டிருந்தேன்.

ஒரு மார்கழி வெள்ளிக்கிழமை வந்து, சப்பாத்தைக் கழற்றாமல் வாசலிலேயே நின்றார்.

"இஞ்சாரும், ஒரு சின்ன விஷயம். பன்னிரண்டாயிரம் டொலர் விழுந்திட்டுது."

நான் இரண்டு விநாடிதான் எடுத்தேன். "நான் அப்பவே சொன்னனான்தானே, விடாமல் எடுங்கோ எண்டு!"

அவர் என்னைப் பார்த்தார். பிறகு குனிந்து சப்பாத்தைக் கழற்றினார்.

அடுத்த மாதம் அதைவிடப் பெரிய லொத்தர் விழுந்தது. அப்பா போன பிறகு அம்மா ஊரில், கொக்குவிலில், தனியே இருந்தா. எழுபத்துநாலு வயது, இரண்டு முழங்காலிலும் நோவு. பெற்றாரை இங்கே நிரந்தரமாகக் கூப்பிட வேண்டுமென்றால் பெயரைப் பதிந்துவிட்டுக் காத்திருக்க வேண்டும். அரசாங்கம் குலுக்கித்தான் எடுக்கும். ஆறு வருடம் காத்திருந்து அந்தத் தை மாதம் என் பெயர் வந்தது. கடிதத்தை வாசித்துவிட்டுக் குசினிக்குள் நின்று குளறி அழுதேன்.

அழுது முடித்து மிச்சப் பக்கங்களை வாசித்தேன். வீட்டு வருமானம் இவ்வளவு இருக்க வேண்டும் என்று ஒரு கணக்குப் போட்டிருந்தது. முந்திய வருடம் இவருக்குத் தோள்மூட்டு விலகி நாலு மாதம் வேலையில்லை. கூட்டிப் பார்த்தால் ஒன்பதாயிரம் டொலர் குறைந்தது. இரண்டு மாதத்துக்குள் காட்டாவிட்டால் அழைப்பு காலாவதி. திரும்பவும் குலுக்கலுக்குப் போக வேண்டும். எழுபத்துநாலு வயதுக்காரியிடம் இன்னொரு ஆறு வருடம் பொறு என்று எப்படிச் சொல்வது?

அப்போதுதான் என் மூளை வேலை செய்தது. குறைவது ஒன்பது. விழுந்தது பன்னிரண்டு.

"இஞ்சேருங்கோ, விழுந்த காசை வருமானமெண்டு காட்டி வரி கட்டுவம்."

பாத்திரம் துடைத்துக்கொண்டிருந்தவர் நிமிர்ந்தார். "லொத்தருக்கு வரி இல்லையெண்டு ஊருக்கெல்லாம் சொன்னது நீர்தானே?"

"வரி கட்டத் தேவையில்லை எண்டுதான் சட்டம். கட்டக்கூடாது எண்டு எங்க எழுதியிருக்கு? நாங்களாத் தாற காசை வேண்டாமெண்டு சொல்லுற அரசாங்கம் உலகத்தில எங்கயாவது இருக்கோ?"

"உது சரிவராது போல கிடக்கு."

"நீங்கள் வண்டியை ஓட்டுங்கோ. வரியை நான் ஓட்டுறன்."

மாசி மாதமே இரண்டு படிவத்திலும் 'வேறு வருமானம்' என்ற இடத்தில் பன்னிரண்டாயிரத்தைப் போட்டு, வரியையும் கட்டி அனுப்பினேன். மூன்றாம் கிழமை கியூபெக் வரிக் கந்தோரில் இருந்து கடிதம்: இந்த வருமானம் எங்கிருந்து வந்தது என்று விளக்கவும். தொலைபேசியில் விளக்கினேன். அந்தப் பக்கத்தில் இருந்த பெண் பிள்ளை மிகவும் சந்தோஷமாக, "மதாம், இதற்கு வரியே இல்லை, திருப்பித் தருகிறோம்" என்றாள். "வேண்டாம், வைத்துக்கொள்ளுங்கள்" என்றேன். அதை இன்னொரு தரம் சொல்லச் சொன்னாள். பிறகு நேரில் வரச் சொன்னாள்.

நேரில் என்றதும் எனக்குப் புது உற்சாகம் வந்துவிட்டது. அந்தக் கடைசி விதி இருக்கிறதே! சூதாட்டம் தொழிலென்றால் வென்ற காசு வருமானம். என் கணவர் பதினெட்டு வருடம் ஒரு வெள்ளி பிசகாமல் எடுத்திருக்கிறார். இதைவிட ஒழுங்கான தொழில் எங்கே இருக்கிறது?

அகதி விசாரணைக்கு முகம் கொடுத்து வந்த சனங்கள் நாங்கள். எங்கள் எலும்பில் ஊறிய ஒரு பாடம் உண்டு: ஆர் எந்த மேசையில் இருந்து கேட்டாலும் எல்லார் வாயிலும் ஒரே கதை வர வேண்டும். ஆகவே மூன்று நாள் இவருக்குப் பாடம் எடுத்தேன். போதாதற்கு அம்மாவுக்கும் அழைப்பெடுத்தேன்.

"அம்மா, வடிவாக் கேளுங்கோ. கனடாவில இருந்து ஆர் கேட்டாலும் மருமகன் சூதாட்டத் தொழில் எண்டு சொல்லுங்கோ."

"ஐயோ பிள்ளை! எப்ப தொடக்கம்?"

"பதினெட்டு வருசமா. வெள்ளிக்கிழமையில."

"வெள்ளிக்கிழமையிலயோ? முருகா!"

"அம்மா, கேள்வி கேக்காமல் சொன்னதை அப்பிடியே சொல்லுங்கோ. உங்களைக் கூப்பிடுறதுக்குத்தான்."

"சரி பிள்ளை. எனக்கென்ன, சொல்லுறன்."

கந்தோரில் எங்களைக் கூப்பிட்ட அதிகாரி ஐம்பது வயது மதிக்கத்தக்க வெள்ளைக்கார அம்மா. நான் கோயில் திருவிழாச் சேலை. இவர் கலியாண வீட்டுக் கோட். திருநீறு பூசியிருந்தார். (ஒரு தொழில்முறைச் சூதாடிக்குத் திருநீறு பொருந்துமா என்று நான் யோசித்திருக்க வேண்டும்.) என்னுடைய பிரெஞ்சு தண்ணீர் மாதிரி ஓடும். கால் மணித்தியாலம் பேசினேன். ஒழுங்கு, முறை, பதினெட்டு வருட முதலீடு என்றெல்லாம் அடித்து விட்டேன். அந்த அம்மா எல்லாவற்றையும் எழுதிவிட்டு என்னை விட்டு இவரைப் பார்த்தா.

"மிஸ்யூ, சூதாட்டம்தான் உங்கள் தொழிலா?"

இவர் என்னைப் பார்த்தார். நான் மேசைக்குக் கீழே காலை மிதித்தேன். நெற்றியில் திருநீறுக்கு மேலே வியர்வை பூத்தது. பொய் சொல்லிப் பழக்கமில்லாத மனுசன், தன்னுடைய பண்டகசாலைப் பிரெஞ்சில் உண்மையைச் சொன்னார்.

"மதாம், ஷாக் வோந்திரெடி, ஜெ பெர்." அதாவது, ஒவ்வொரு வெள்ளியும் நான் தோற்கிறேன்.

"எத்தனை முறை வென்றீர்கள்?"

"ஒருமுறை." கொஞ்சம் யோசித்தார். "முந்தி ஒருக்கா மூன்று டொலர்."

அந்த அம்மா பேனையைக் கீழே வைத்தா. சிரிப்பை அடக்க அவ பட்ட பாடு எனக்கே பாவமாக இருந்தது. "மதாம், பதினெட்டு வருடத்தில் ஒருமுறை சம்பளம் வருவதைத் தொழில் என்று நான் எப்படி எழுதுவது?" என்றா. பிறகு குரலைத் தணித்துக் கேட்டா: "உங்களுக்கு ஏன் இந்த வரி இவ்வளவு அவசரமாகத் தேவைப்படுகிறது?"

அதுவரை ஓடிய என் பிரெஞ்சு அந்த இடத்தில் நின்றுவிட்டது. என் அம்மாவின் முழங்காலையும் ஒன்பதாயிரத்தையும் திக்கித் திக்கிச் சொன்னேன். அவ கேட்டுக்கொண்டிருந்துவிட்டுச் சொன்னா: "நான் இதை ஏற்றால் உங்கள் கணவர் பெயரில் 'சூதாடி' என்று ஒரு கடுதாசி இருக்கும். அதைக் கொண்டுபோய்க் குடிவரவில் காட்டுவீர்களா?"

எனக்கு முகத்தை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. நுணலும் தன் வாயால் கெடும் என்று சும்மாவா சொன்னார்கள்?

கட்டிய வரி முழுவதும் திரும்பி வந்தது. கனடாவில் வரி திரும்பி வந்ததற்கு அழுத ஒரே ஆள் நானாகத்தான் இருப்பேன். பங்குனி முடிய அழைப்பும் காலாவதியானது. அம்மாவுக்குச் சொல்ல வாய் வரவில்லை. இரண்டு நாள் நான் சமைக்கவுமில்லை. மூன்றாம் நாள் இவர் ஒரு தேத்தண்ணியை எனக்கு முன்னால் வைத்துவிட்டு வாயைத் திறந்தார்.

"சுப்பர் விசா எண்டு ஒண்டு இருக்காம். வேலையில ஒருத்தர் தாயைக் கூப்பிட்டவர். நிரந்தரம் இல்லைத்தான். ஆனா வந்து வருசக்கணக்கா நிக்கலாம். வருமானமும் இவ்வளவு கேக்க மாட்டினமாம்."

"அதுக்கு மருத்துவக் காப்புறுதி எடுக்கவேணும். அந்த வயசுக்கு ஆயிரக்கணக்கில கேப்பாங்கள். ஆரிட்டக் காசு இருக்கு?"

"விழுந்த காசு பாங்கில கிடக்குத்தானே. வரி கூட இல்லை எண்டு சொல்லுறாங்கள்."

எனக்கு வந்த கோபத்தைச் சொல்ல முடியாது. அத்தனை பிளாஸ்டிக் பைகளை அவிழ்த்துக் கணக்குப் பார்த்தவள் நான். வழி கண்டுபிடித்தது பாரவண்டி ஓட்டுகிற மனுசன். கோபத்தோடேயே கணினியைத் திறந்து தேடினேன். எங்கள் வருமானம் போதுமாக இருந்தது. அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது.

ஆவணியில் அம்மா வந்திறங்கினா. மத்தியான விமானம். கூட வந்த சனம் எல்லாம் வெளியே வந்துவிட்டது, அம்மாவைக் காணவில்லை. ஒரு மணித்தியாலம் போனது. ஒன்றரை போனது. திருப்பி அனுப்பிவிட்டார்களோ என்று பயந்து பிள்ளையாருக்கு நூறு தேங்காய் வரை நேர்ந்துவிட்டேன்.

கடைசியாகச் சக்கர நாற்காலியில் அம்மா வந்தா. தள்ளிக்கொண்டு வந்த விமான நிலையத் தமிழ் மொழிபெயர்ப்பாளப் பெட்டை வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். நேராக என் கணவரைப் பார்த்து, "நீங்களோ அங்கிள் அந்தச் சூதாட்டக்காரர்?" என்றாள்.

உள்ளே அதிகாரி கேட்ட முதல் கேள்வியே, மருமகன் என்ன வேலை என்பதாம். ஆர் கேட்டாலும் சொல்லச் சொல்லி நான் சொன்னதை, அம்மா சொல்லுக்குச் சொல் அப்படியே சொல்லியிருக்கிறா.

"என்ர மருமோன் சூதாடுறவர். பதினெட்டு வருசமா ஒரு வெள்ளியும் விட்டதில்லை. அந்தக் காசிலதான் என்னைக் கூப்பிட்டவர். தங்கமான பிள்ளை."

அம்மா கையில் வைத்திருந்த, பண்டகசாலை கொடுத்த வேலைக் கடிதத்தை அதிகாரி மூன்று தரம் வாசித்தாராம். பிறகு, எத்தனை தரம் வென்றவர் என்று கேட்டாராம். அம்மா ஒரு விரலைக் காட்டினாவாம். அதோடு முத்திரை குத்திவிட்டாராம்.

"என்ன பிள்ளை முழுசுறாய்?" என்றா அம்மா. "நீதானே அப்பிடிச் சொல்லச் சொன்னனீ?"

உண்மைதான். எல்லாருக்கும் பாடம் எடுத்த நான், பாடம் முடிந்துவிட்டது என்று அம்மாவுக்குச் சொல்ல மறந்துவிட்டேன்.

அன்று தொடக்கம் செயின்ட்-மிஷேலில் என் கணவருக்கு 'தொழிலதிபர்' என்று பெயர். மார்ச்சில் பையோடு வருகிறவர்கள் வாசலில் நின்றே, "தொழிலதிபர் நிக்கிறாரோ?" என்று கேட்டுவிட்டுத்தான் உள்ளே வருவார்கள். வந்தவர்களுக்கு அம்மா விமான நிலையக் கதையை முதலில் இருந்து சொல்லுவா. நானும் இப்போது முறுக்குக்கு வேலை செய்வதில்லை. கூலி வாங்குகிறேன், அதற்கு வரியும் கட்டுகிறேன். என் திறமையில் எனக்கு இன்றைக்கும் ஒரு சந்தேகமும் இல்லை.

அம்மாவுக்குத்தான் கொஞ்சம் சந்தேகம். ஒவ்வொரு வெள்ளியும் தலையணைக்குக் கீழிருந்து ஒரு இரண்டு டொலர் நாணயக் குற்றியை எடுத்து மருமகனின் கையில் வைப்பா. வைத்துவிட்டு என் பக்கம் திரும்பி, விரலை நீட்டிச் சொல்லுவா:

"பிள்ளை, இந்த முறை விழுந்தா நீ ஒரு படிவத்தையும் நிரப்பிப்போடாதை."