பேர்லினில் செத்துக்காட்டிய அண்ணை

உலக சினிமாவில் செத்துப்போனவர்கள் ஆயிரக்கணக்கில் உண்டு. ஆனால் சாவதையே உயிரைக் கொடுத்துச் செய்தவர், பேர்லினின் நொய்கெல்ன் பகுதியில் எங்கள் தெருவிலிருந்த சவத்தண்ணை ஒருவர்தான்.

நிஜப்பெயர் யாருக்கும் தேவைப்படவில்லை. சென்னையிலிருந்து வேலைக்காக பேர்லின் வந்த நான், அவர் சமைக்கும் உணவகத்துக்குப் புட்டு சாப்பிடப் போய் முதல் நாளே மாட்டிக்கொண்டேன்.

"தம்பி, நான் ஹொலிவுட் படத்தில நடிச்சனான்."

"சூப்பர்ண்ணா! என்ன ரோல்?"

"சவம்."

யாழ்ப்பாணத்திலிருந்து வந்திறங்கிய புதிதில், ஊருக்கு வெளியே ஒரு பொட்டலில் பெரிய யுத்தப் படம் எடுத்தார்களாம். சூடாக சூப் தருகிறார்கள் என்று கேள்விப்பட்டுப் போனவரை, முகத்தில் வெள்ளைப் பவுடர் அப்பி, ஐரோப்பியச் சவமாக்கிப் படுக்கவைத்தார்கள்.

பனிக்காலக் காட்சி. பனிதான் பெய்ய மறுத்துவிட்டது. மூட்டை மூட்டையாக உருளைக்கிழங்குத் தூளைக் கொட்டினார்கள். கொட்டி முடித்ததும் மழை. போர்க்களம் முழுக்க மசியல். நகரத்துப் புறாக்களெல்லாம் குடும்பத்தோடு விருந்துக்கு வந்தன. நண்பனின் பிணத்தைக் கட்டிக்கொண்டு அழவேண்டிய கதாநாயகன் ஓடிவந்து, மசியலில் வழுக்கி, அண்ணையின் விலாவில் முழங்காலோடு இறங்கினான்.

"வலிக்கலையாண்ணா?"

"நொந்தது தம்பி. ஆனா சவம் கத்தலாமோ?"

எப்படியோ காட்சி முடிந்து இயக்குநர் 'கட்' என்றார். அண்ணைக்கு அந்தச் சொல் தெரியாது. எல்லோரும் சாப்பிடப் போன பிறகும் அசையாமல் கிடந்தார். அதைப் பார்த்த உதவியாளர் அலற, ஆம்புலன்ஸ் வந்தது. டாக்டர் குனிந்து நாடி பிடித்தபோது, சவம் ஒரு கண்ணை மட்டும் திறந்து, "முடிஞ்சுதோ?" என்று கேட்டது. டாக்டர் மசியலிலேயே உட்கார்ந்துவிட்டார்.

இதில் ஒரு வார்த்தையைக்கூட அவர் மனைவி, எங்களுக்கு அக்கா, நம்பியதில்லை. படத்தின் பெயர் அண்ணைக்கே தெரியாது என்பது பெரிய பலவீனம். போன வருடம்தான் தெருமுனைத் தியேட்டரில், பேர்லினில் எடுத்த பழைய படங்களைத் திரையிட்டார்கள். சுவரொட்டியைக் கண்ட அண்ணை வெங்காயப் பையோடு அப்படியே நின்றார்.

"இவன்தான் தம்பி, என்ரை விலாவில ஏறினவன்!"

தெருவே டிக்கெட் எடுத்தது. அக்கா வாசலிலேயே நிபந்தனை போட்டார்.

"இண்டைக்கு உங்களைக் காணேல்லையெண்டா, இனி வாழ்நாளில இந்தக் கதை எடுக்கக் கூடாது. ஓமோ?"

"ஓம்" என்றார் அண்ணை.

படத்தில் விதவிதமான சவங்கள் வந்துபோயின. ஒவ்வொன்றுக்கும் நாங்கள் ஆவலோடு திரும்பிப் பார்க்க, அவர் இல்லையென்று தலையாட்டினார். அக்காவின் முகத்தில் வெற்றிக்களை. முடியப்போகிற நேரத்தில் ஒருவழியாக வந்தது உருளைக்கிழங்குப் பனி. கதாநாயகன் மண்டியிட்டு, குப்புறக் கிடந்த ஒரு சவத்தைப் புரட்டினான். திரை முழுக்க ஒரு முகம். மீசை அரும்பிய, ஒட்டிய கன்னத்துப் பையன். புருவத்தில் மசியல்.

விசிலும் கைதட்டலுமாகத் தியேட்டர் அதிர்ந்தது. "கண்டியளோ! கண்டியளோ!" என்று அண்ணை எழுந்தே நின்றுவிட்டார். பின்வரிசை ஜெர்மன்காரர்கள் 'உஸ்' என்றார்கள்.

அக்கா மட்டும் கைதட்டவில்லை. விக்கி விக்கி அழுதுகொண்டிருந்தார்.

"என்னப்பா இது, நடிப்புத்தானே!"

"பேசாம இருங்கோ" என்று அக்கா அவர் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். விளக்கு எரிந்த பிறகும் விடவில்லை.

வெளியே வரும்போது, வாழ்த்துச் சொல்லும் சாக்கில் நானும் அண்ணையின் இன்னொரு கையைப் பிடித்துப் பார்த்தேன். நல்ல சூடாக இருந்தது.