முள்ளம்பன்றிக்கு ஆழ்ந்த இரங்கல்

ஒரு காட்டில், அதுவும் சிக்னல் நன்றாகக் கிடைக்கும் காட்டில், மிருகங்கள் எல்லாம் சேர்ந்து ஒரு வாட்ஸ்அப் குழு வைத்திருந்தன. அதற்கு அட்மின் ஒரு கொக்கு. ஒற்றைக்காலில் நின்றபடி நாள் முழுக்க அது மரியாதையைக் காவல் காத்தது. வணக்கம் சொல்லாமல் பேச்சைத் தொடங்கக் கூடாது. யாராவது வாழ்த்தினால் எல்லோரும் வாழ்த்த வேண்டும். யாராவது செத்தால் எல்லோரும் இரங்க வேண்டும். மீறினால் குழுவைவிட்டு நீக்கம். அந்தத் தண்டனைக்குப் புலிகூடப் பயந்தது.

ஒரு நாள் காலை முள்ளம்பன்றி ஒரு குழியில் விழுந்தது. வேட்டைக்காரர்கள் வெட்டி, இலை போட்டு மூடி வைத்த குழி. பொழுது சாய்ந்ததும் வந்து பார்ப்பார்கள். பார்த்தால் அன்றைக்கு முள்ளம்பன்றிக் குழம்புதான்.

அது அவசர அவசரமாகத் தட்டியது: "குழில விழுந்துட்டேன். யாராவது சீக்கிரம் வாங்க!"

கொக்கு உடனே பதில் போட்டது: "வணக்கம் எங்கே? அழிச்சிட்டு மறுபடி போடுங்க."

முள்ளம்பன்றி அழித்துவிட்டு வணக்கத்தோடு போட்டது. யானை கட்டைவிரல் படம் ஒன்றைப் போட்டுவிட்டுக் குளிக்கப் போனது. மான் ஒரு ரோஜாப்பூவும் காலை வணக்கமும் அனுப்பியது. அதைப் பார்த்து மற்றவையும் ஆளுக்கொரு ரோஜா அனுப்ப, குழி விஷயம் பூக்களுக்கு மேலே எங்கோ போய்விட்டது.

எழுதிப் பிரயோசனமில்லை, முகத்தைப் பார்த்தாலாவது இரக்கம் வரும் என்று முள்ளம்பன்றி தன்னைப் படம் எடுத்து அனுப்பியது. அங்கேதான் தப்புப் பண்ணியது. ஒரு வரிகூட இல்லாமல் ஒருத்தர் படம் மட்டும் குழுவில் வந்தால் என்ன அர்த்தம் என்று நமக்குத் தெரியாதா என்ன?

அப்போதுதான் தூங்கி எழுந்த கரடி அந்தப் படத்தைப் பார்த்தது. மேலே தள்ளிப் படிக்கும் வழக்கம் கரடிக்குக் கிடையாது. "ஆழ்ந்த இரங்கல்" என்று போட்டது. அவ்வளவுதான், கூப்பிய கைகள் வரிசையாக வந்து விழுந்தன.

"நேத்துகூட என்கிட்ட நல்லாப் பேசினாரே!" என்றது குரங்கு. இரண்டுக்கும் பேச்சுவார்த்தை நின்று ஒரு வருஷம் ஆகிறது.

"ஐயோ, நான் சாகலைங்க!" என்று அலறியது முள்ளம்பன்றி.

"பெரியவங்க எல்லாம் இரங்கல் சொல்லிட்டிருக்காங்க, நடுவுல இதென்ன பேச்சு? ஒரு நன்றி சொன்னீங்களா?" என்றது கொக்கு. "இன்னொரு தடவை இப்படிப் போட்டா நீக்கிடுவேன்."

முள்ளம்பன்றிக்கு அழுகை வந்தது. அப்புறம் ஆத்திரம் வந்தது. ஆத்திரம் அடங்கியதும் புத்தி வந்தது. நிதானமாகத் தட்டியது:

"அனைவருக்கும் வணக்கம். என் மறைவுக்கு இரங்கல் தெரிவித்த அன்பு உள்ளங்களுக்கு நன்றி. இறுதி ஊர்வலம் இன்று பிற்பகல் மூன்று மணிக்குப் புளியமரத்தடிக் குழியிலிருந்து புறப்படும்."

"இதுக்குப் பேர்தான் மரியாதை" என்று கொக்கு மெச்சிக்கொண்டது.

மூன்று மணிக்குக் காடே திரண்டு வந்தது. காலையில் வராத யானை இப்போது பெரிய மாலையோடு முன்னால் நின்றது. கொடிகளைக் கட்டிப் பாடையைக் குழிக்குள் இறக்கின. முள்ளம்பன்றி தானே ஏறிக் கண்ணை மூடிப் படுத்துக்கொண்டது. யாரும் அதை வித்தியாசமாக நினைக்கவில்லை. நேரத்துக்கு எல்லாம் நடக்கிறதே என்று கரடிக்குச் சந்தோஷம்.

மேலே வந்ததும் முள்ளம்பன்றி எழுந்து மாலையைக் கழற்றி வைத்துவிட்டு, "ரொம்ப நன்றிங்க. போயிட்டு வர்றேன்" என்றது.

கொக்கு அதிர்ச்சியில் இன்னொரு காலையும் கீழே ஊன்றிவிட்டது. "சாவுக்கு வந்த இடத்துல 'போயிட்டு வர்றேன்'னு சொல்லலாமா? சொல்லாமப் போகணும்ங்க!"

முள்ளம்பன்றி சொல்லாமல் போனது, ஒரே ஓட்டமாக.

ஊர்வலம் குறையில்லாமல் நடந்தது. பாடை காலியாக இருப்பதை யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. துக்கத்தில் அதையெல்லாம் பேசுவது நாகரிகம் இல்லை அல்லவா?

நீதி: ஆபத்து என்று கூப்பிட்டால் கட்டைவிரல்தான் வரும். செத்துவிட்டேன் என்று வணக்கத்தோடு அறிவியுங்கள், காடே வந்து தூக்கிவிடும்.