ஃபிரிட்ஜின் இரண்டாம் தட்டு

மந்தைவெளியில் அடுத்தவர் வீட்டு ஃபிரிட்ஜைக் கேட்காமல் திறக்கும் உரிமை உலகத்திலேயே ஒருவருக்குத்தான் இருந்தது. எங்கள் குடியிருப்பின் முதல் மாடி பாட்டில் மாமா. சொந்தப் பெயரை அவர் மனைவியே மறந்திருப்பார்.

திருப்போரூருக்கு அப்பால் காய்கறி போடும் சில விவசாயிகள் ஞாயிறுதோறும் எங்கள் குடியிருப்பு வாசலில் கீரை விற்பார்கள். கிணற்றுத் தண்ணீரைச் சோதிக்க அவர்களைச் சங்கமாகச் சேர்த்தவர் மாமா. யாரும் தன் கிணற்றில் தானே தண்ணீர் பிடிக்கக் கூடாது, பக்கத்து நிலத்துக்காரர்தான் பிடிக்க வேண்டும் என்பது அவர் சட்டம்.

"தன் பிள்ளைக்குத் தானே மார்க் போட்டுண்டா உருப்படுமா?" என்பார்.

கீரையோடு பாட்டில்களும் வரும். சோதனைக்கூடம் திங்களன்றுதான் திறக்கும். அதுவரை தண்ணீர் குளிர்ச்சியில் இருக்க வேண்டும். அதனால் இன்னொரு சட்டம்: கீரை வாங்கும் வீடெல்லாம் ஃபிரிட்ஜில் ஒரு தட்டு ஒதுக்க வேண்டும். எங்கள் பங்கு இரண்டாம் தட்டு. ஒருமுறை என் மாவுப் பாத்திரத்தை வெளியே எடுத்து வைத்துவிட்டுப் பாட்டில்களை அடுக்கினார். மாவு பொங்கித் தரையெல்லாம் வழிந்தது. "நன்னா புளிச்சிருக்கு, தோசைக்கு ஆகும்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

ஒரு ஞாயிறு மாலை, எட்டாவது படித்த என் மகன் கார்த்தி கிரிக்கெட் ஆடிவிட்டு வந்து ஃபிரிட்ஜைத் திறந்தான். கையில் கிடைத்த பாட்டிலை மடமடவென்று குடித்தான். மேலே ஒட்டியிருந்த சீட்டைப் படித்தேன்: 'அஞ்சலை கிணறு'. மருந்து தெளிக்கும் டேங்க்கைப் பக்கத்திலேயே கழுவுகிறார்கள் என்று மாமா சந்தேகப்பட்ட கிணறு.

நான் போட்ட கூச்சலில் மாமா மூச்சிரைக்க ஏறி வந்தார். முதல் கேள்வி:

"மிச்சம் எவ்ளோ இருக்கு?"

"மாமா! குடிச்சது என் பிள்ளை!"

"அதான் கேக்கறேன். பாதி இருந்தாப் போறும், டெஸ்ட் பண்ணிடலாம்."

தெருமுனை டாக்டர் பார்த்துவிட்டு, இப்போதைக்கு ஒன்றுமில்லை, கவனித்துக்கொள்ளுங்கள் என்றார். கவனிக்கும் வேலையை மாமா எடுத்துக்கொண்டார். சோபாவில் உட்கார்ந்து, "வயத்தைப் பெரட்டறதா? தலை சுத்தறதா?" என்று துளைத்ததில் கார்த்தி பாத்ரூமில் போய் ஒளிந்துகொண்டான். "ஆச்சு, ஆரம்பிச்சுடுத்து!" என்று மாமா பின்னாலேயே ஓடினார்.

எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. "இனிமே எங்க ஃபிரிட்ஜ்ல ஒரு பாட்டில் வைக்கக் கூடாது!" என்றேன். கீரை விற்க வரும் அஞ்சலையையும் போனில் பிடித்துக் கத்தினேன்.

"இன்னாம்மா இப்டிப் பதறுற?" என்றாள் அஞ்சலை. "நாங்க தெனம் அதத்தான குடிச்சிக்கினு கீறோம். எம் பொண்ணு கைக்கொழந்தைக்கு அதுலதான் பால்மாவு கலக்குது."

மாமா போனை வாங்கி, "அஞ்சல, முடிவு வர்ற வரைக்கும் கொழந்தைக்கு அதக் குடுக்காதே. காய்ச்சினாலும் வேண்டாம்" என்றார்.

மிச்சத் தண்ணீரைச் சோதித்ததில் பூச்சிமருந்து இல்லை; ஆனால் வயலில் போடும் உரத்தின் உப்பு அளவுக்கு மேல் இருந்தது. ஒருநாள் குடித்த கார்த்திக்கு ஆபத்தில்லை. தினமும் குடிக்கும் கைக்குழந்தைக்கு ஆகாது. அந்த வாரமே பக்கத்து நிலத்துக்காரர் சோதனையில் தேறிய தன் கிணற்றிலிருந்து அஞ்சலை வீட்டுக்குக் குழாய் இழுத்துக் கொடுத்தார். டேங்க் கழுவும் இடமும் மாறியது.

அடுத்த ஞாயிறு, மாமா எங்கள் வாசலைத் தாண்டித் தலைகுனிந்தபடி பாட்டில்களோடு மேல்மாடிக்கு நழுவினார்.

"மாமா, ரெண்டாம் தட்டு காலியாத்தான் இருக்கு."

"கார்த்தி ஆத்துல இருக்கானா?" என்று எட்டிப் பார்த்துவிட்டுத்தான் உள்ளே வந்தார்.

மாமா இப்போது இல்லை. சங்கத்துக்காரர்கள் வயலிலேயே சோதிக்கும் கருவி வாங்கிவிட்டார்கள், பாட்டில்கள் வருவதில்லை. கார்த்தி கல்லூரிக்குப் போகிறான்; அவன் எதைக் குடித்தாலும் எனக்கு இன்னும் பகீர் என்கிறது.

வீட்டில் யாராவது பால் பாக்கெட்டை இரண்டாம் தட்டில் வைத்தால், எடுத்து மேல் தட்டுக்கு மாற்றிவிடுகிறேன்.