மூவகை மாற்றமும் ரெண்டு அடியும்

எர்ணாவூர் கன்டெய்னர் யார்டில் கேட் பாஸ் அடிக்கும் கம்ப்யூட்டர் ஒரு நாளைக்கு நாலு தடவை ஹேங் ஆகும். கேட் கிளார்க் உபைதுல்லா அதன் இடது பக்கம் உள்ளங்கையால் ரெண்டு வைப்பான். பாஸ் வரும், லாரி துறைமுகத்துக்குக் கிளம்பும். 2004 வரை உலகம் இப்படி ஒழுங்காகத்தான் ஓடிக்கொண்டிருந்தது.

அந்த வருஷம் மேலாளர் தேவப்பிரியம் பெரிய ஓட்டலில் மூன்று நாள் பயிற்சிக்குப் போனார். வயிறு நிறையச் சாப்பாடும் கை நிறையச் சான்றிதழுமாகத் திரும்பி வந்து பிரகடனம் செய்தார்.

"இனி கம்ப்யூட்டரில் யார் கை வைத்தாலும் அது மாற்றம். மாற்றம் மூவகைப்படும். முன் அனுமதிப் பட்டியலில் இருந்தால் ஸ்டாண்டர்டு. வியாழக்கிழமைக் குழு கூடி அனுமதித்தால் நார்மல். தலைபோகிற காரியம் என்றால் எமர்ஜென்சி, அதற்கு மூன்று கையெழுத்து."

"நம்ம ரெண்டு அடி எந்த வகை சார்?" என்றான் உபைதுல்லா.

"பட்டியலில் இல்லையே!" என்று அதிர்ந்தார் தேவப்பிரியம்.

மறுநாளே வந்தது வினை. உபைதுல்லாவின் அக்கா புருஷன், லாரி டிரைவர் கமாலுதீன், இறால் கன்டெய்னரோடு கேட்டில் நின்றார். அஞ்சு மணிக்குக் கப்பல். கம்ப்யூட்டரோ ஹேங்.

"இன்னா மச்சான் முழிச்சிகினு கீறே? வை ரெண்டு!"

"எமர்ஜென்சி போட்டுக்கீறேன். கையெழுத்துக்காரருல ஒர்த்தரு லீவு."

"வேற ஆளைப் போடு."

"ஆளை மாத்துனா அது நார்மலாம். வியாழக்கெயமை தான்."

மணி நாலரை. பொறுக்க முடியாமல் உபைதுல்லா வைத்தான் ரெண்டு. பாஸ் வந்தது, லாரி பறந்தது. பின்னாலேயே தேவப்பிரியமும் பறந்து வந்தார்.

"அனுமதியற்ற மாற்றம்! உடனே பழைய நிலைக்குக் கொண்டு வா."

"திருப்பி ஹேங் ஆக்கணுமா சார்?"

"விதி அதுதான்."

கம்ப்யூட்டர் முறைப்படி முடக்கப்பட்டது. லாரி திருவொற்றியூரிலிருந்து திருப்பி அழைக்கப்பட்டது. கப்பல் மட்டும் விதி தெரியாமல் போய்விட்டது. இன்னொரு கப்பல் தவறினால் வண்டிச் சாவியை வைத்துவிட்டுப் போ என்று லாரி முதலாளி கமாலுதீனிடம் சொல்லிவிட்டார்.

வியாழக்கிழமை குழு கூடியது. சமோசாவுக்குப் பின் அந்த அடி ஸ்டாண்டர்டு பட்டியலில் ஏறியது: 'இரண்டு அடி, இடது பக்கம், திறந்த கை. படிவம் மூன்று பிரதிகள்.' உபைதுல்லா 'அடி நிர்வாகப் பொறுப்பாளர்' ஆனான். கழுத்தில் அட்டை தொங்கியது. பாவி, அதுவரை மனுஷனாகத்தான் இருந்தான்.

அடுத்த வாரம் அதே கமாலுதீன், அதே அஞ்சு மணிக் கப்பல், அதே ஹேங்.

"ஜல்தியா வை மச்சான், வண்டி கைய வுட்டுப் பூடும்!"

உபைதுல்லா அட்டையை நீவிவிட்டுக்கொண்டான். "படிவம் கீதா? மூணு பிரதி?"

"உங்க அக்காவும் புள்ளைங்களும் இன்னாத்த துன்றது?"

"அத்த 'காரணம்' கட்டத்துல எழுது."

கமாலுதீன் ஜன்னல் வழியாகக் கையை விட்டார். இரண்டு அடி, இடது கன்னம், திறந்த கை. உபைதுல்லாவுக்கு அக்கா ஞாபகம் வந்தது, வேலையும் ஞாபகம் வந்தது. கம்ப்யூட்டருக்கும் ரெண்டு வைத்தான். லாரி கப்பலைப் பிடித்துவிட்டது.

வரிசையில் நின்ற லாரிக்காரர்கள் சும்மா இருப்பார்களா? அன்றைக்கே மூன்று பிரதிகளில் எமர்ஜென்சி விண்ணப்பம் கொடுத்தார்கள்: 'அதிகாரி ஹேங் ஆனால் மேற்படி முறையே பின்பற்றப்பட வேண்டும்.' படிவத்தில் குறை ஒன்றும் இல்லை. இரண்டு கையெழுத்துகள் விழுந்துவிட்டன. மூன்றாவது கையெழுத்து போடவேண்டிய தேவப்பிரியம், இடது கன்னத்தைப் பொத்திக்கொண்டு லீவு எழுதிக்கொண்டிருக்கிறார்.